பின்வளவில் வந்த இந்தக் குருவி எது? (படம் கலங்கல், மன்னிக்கவும்)

கல்லடிப்பொடியன் | ஒக்டோபர் 17, காலை 7.12

எல்லாருக்கும் வணக்கம். இவ்வளவு நாளும் வாசித்ததோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை. இரவு பத்தரை போல எங்கள் குசினி யன்னல் கண்ணாடியில் டொக்கென்று ஒரு சத்தம். குரும்பை விழுந்ததாக்கும் என்று விட்டுவிட்டோம். வெள்ளாப்பில் அம்மா முற்றம் கூட்டப் போனபோது யன்னலுக்குக் கீழே, கிணற்றடிக்கும் வாழைக்கும் நடுவில், ஒரு குருவி குந்திக்கொண்டிருந்தது. ஆள் கிட்டப் போயும் பறக்கவில்லை. மைனாவை விடச் சின்னது, வால் என்று சொல்ல ஒன்றுமே இல்லை, யாரோ கத்தரித்துவிட்ட மாதிரி. முதுகு பச்சை, செட்டையில் நீலத் துண்டு ஒன்று, கண்ணுக்கு மேலால் கறுப்புப் பட்டை, வாலுக்குக் கீழே குங்குமம் கொட்டினது போலச் சிவப்பு. தம்பி கிளிக்குஞ்சு என்கிறான், அது இல்லை என்பது எனக்கே தெரிகிறது. பூனைகளுக்குப் பயந்து அம்மா கடகத்தால் மூடி வைத்திருக்கிறா. தண்ணீர் பருக்கலாமா? சோறு சாப்பிடுமா? போனில் எடுத்த படம் கீழே.

ஓய்வுரீச்சர் | காலை 7.20

தண்ணீர் பருக்க வேண்டாம் தம்பி! வாய்க்குள் ஊற்றினால் மூச்சுக்குழலுக்குள் போய் அதுவே ஆளை முடித்துவிடும். சோறும் வேண்டாம். அம்மா செய்ததுதான் சரி. கடகத்துக்கு மேலே ஒரு துணியைப் போட்டு இருட்டாக்கி, நிழலில், சத்தமில்லாத இடத்தில் ஒரு மணித்தியாலம் இரண்டு மணித்தியாலம் விடுங்கள். அடிக்கடி தூக்கிப் பார்க்காதீர்கள். பிறகு வாழைப்பக்கம் கொண்டுபோய் மெதுவாகத் திறந்தால் தானே போகும்.

உங்கள் வீட்டுக்கு வந்திருப்பது ஆறுமணிக்குருவி. தோட்டக்கள்ளன் என்றும் சொல்வார்கள், சிங்களத்தில் அவிச்சியா. இந்தியாவின் நடுப்பகுதியிலும் இமயமலை அடிவாரத்திலும் குஞ்சு பொரித்துவிட்டு, மாரிக்கு இங்கே வருகிற ஆள். பயணம் முழுக்க இரவில்தான், அதனால்தான் பத்தரைக்கு உங்கள் கண்ணாடியில் மோதியிருக்கிறது. குசினி லைட் எரிந்துகொண்டு இருந்ததா? அவ்வளவு தூரம் பறந்து வந்து களைத்துப்போன குருவிக்கு வெளிச்சமும் கண்ணாடியும் ஒன்றாகச் சேர்ந்தால் இதுதான் நடக்கும். இந்த மாதத்தில் வீட்டுக்குள், பள்ளிக்கூடத்துக்குள், ஒருமுறை ஒரு கலியாண மண்டபத்துக்குள் கூட வந்து விழுந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

மருதமுனைநானா | காலை 7.58

மாஷா அல்லாஹ், கண்ணாடிக்குள்ளால் வீட்டுக்கே விருந்தாளி. நான் பதினொரு வருசமாகக் கமெரா தூக்கிக்கொண்டு திரிகிறேன், ஆறுமணிக்குருவியில் ஒரு நல்ல படம் கிடையாது. முதுகு மட்டும் மூன்று இருக்கிறது.

கல்லடிப்பொடியன் | காலை 9.40

போய்விட்டது! ஒன்பது மணிக்குத் துணியை எடுத்தோம், கொஞ்ச நேரம் எங்களையே பார்த்தது, பிறகு தத்தித் தத்தி வாழைக்குள் நுழைந்து மதில் ஓரம் இருக்கிற சருகுக் குவியலுக்குள் மறைந்தது. ரீச்சர், மெத்தப் பெரிய நன்றி. லைட் எரிந்ததுதான், இனி அணைத்துவிட்டுப் படுக்கிறோம். இதை ஒழுங்காக ஒரு படம் எடுக்க ஆசை. மச்சானிடம் பழைய கெனன் ஒன்று இருக்கிறது, 55-250 லென்ஸோடு. கேட்டால் தருவான். போதுமா? இல்லையென்றால் என்ன வாங்கலாம்?

லென்ஸ்ராசா | காலை 10.15

250 போதாது தம்பி. குருவிப்படம் என்றால் குறைந்தது 400. காசிருந்தால் 150-600, சிக்மாவோ டம்ரொனோ. காசில்லை என்றால் பாவித்த நிக்கோன் பி900 தேடு, 83 மடங்கு சூம், 2000 மில்லிமீற்றருக்குச் சமன், லென்ஸ் மாற்றுகிற தலையிடி இல்லை. ஆனால் உன் குருவிக்கு ஒரு குறுக்குவழி இருக்கிறது. அதன் கூவலைப் போனில் இறக்கி வாழைக்குப் பக்கத்தில் வைத்துப் போடு. இரண்டு நிமிசத்தில் முன்னுக்கு வந்து நிற்கும்.

ஓய்வுரீச்சர் | காலை 10.22

ராசா, உந்தக் கதையை இங்கே சொல்லிக்கொடுக்காதீர்கள்.

லென்ஸ்ராசா | காலை 10.30

ஏன் ரீச்சர், குருவியைச் சுடவா சொன்னேன்? பாட்டுத்தானே போடச் சொன்னேன்.

ஓய்வுரீச்சர் | காலை 11.05

சரி, விளக்கமாகவே எழுதுகிறேன். ஆறுமணிக்குருவி மாரிக்கு வந்த இடத்திலும் தனக்கென்று ஒரு துண்டு நிலம் பிடித்து வைத்திருக்கிற ஆள். விடியவும் பொழுதுபடவும் அது கூவுவது "இது என்ர வளவு" என்று எல்லை சொல்லத்தான். நீங்கள் போனில் போட்டால் அதற்கு அது பாட்டு இல்லை, வேலிக்குள் புகுந்த இன்னொருவன். தின்பதை விட்டுவிட்டு ஓடி வரும், தேடும், கூவும், ஆளைக் காணாமல் திரும்பத் தேடும். இது ஆயிரத்துக்கு மேல் கிலோமீற்றர் பறந்து, நேற்றுக் கண்ணாடியில் அடிபட்ட குருவி. அதற்கு இப்போது வேண்டியது புழு. எதிராளி இல்லை. உங்களுக்குப் படம் கிடைக்கும், இல்லையென்று சொல்லவில்லை. நாலைந்து நாள் அப்படிச் செய்தால் அந்த வளவை விட்டே போய்விடவும் பார்க்கும். எங்கள் ஆரையம்பதி வளவுக்கு நாலு வருசமாக ஒக்டோபர் நடுவில் ஒன்று வருகிறது, அதே குருவியா வேறொன்றா என்று காலில் வளையம் மாட்டாமல் சொல்ல முடியாது, ஆனாலும் வந்து நிற்கிற இடம் அதே பலாவடி. ஒருநாளும் நான் போனில் எதுவும் போட்டதில்லை.

தம்பிக்கு: மச்சானின் கமெரா போதும். லென்ஸ் நீளத்தை விட முக்கியமான ஒன்று உங்கள் வீட்டில் நடக்கிறது, அதை நிற்பாட்ட வேண்டும். அம்மா முற்றம் கூட்டுவது.

கல்லடிப்பொடியன் | காலை 11.09

ரீச்சர், அதை நீங்களே வந்து அம்மாவிடம் சொல்லுங்கள். 😅

ஓய்வுரீச்சர் | காலை 11.26

முழு வளவும் இல்லை. அந்த மதில் ஓரச் சருகு மட்டும். ஆறுமணிக்குருவி சருகைக் கொத்திப் புரட்டி, அதற்குக் கீழே இருக்கிற மண்புழு, கறையான், வண்டு என்று தின்கிறது. கூட்டிப் பெருக்கி நெருப்பு வைத்த வளவில் அதற்கு ஒன்றும் இல்லை. நம் ஊரில் விடிய எழும்பி ஈர்க்குக்கட்டால் கோடு விழக் கூட்டின முற்றம்தான் வீட்டுக்கு மரியாதை, எனக்கும் அப்படித்தான் பழக்கினார்கள். முன்முற்றத்தைக் கூட்டட்டும். பின்னுக்கு நாலு முழம் விடட்டும்.

மருதமுனைநானா | பகல் 12.48

லென்ஸ் நீளம் பற்றி ஒன்று. நான் போன மாரியில் கிட்டங்கியில் நின்றேன். தெரியாதவர்களுக்கு: கல்முனையிலிருந்து நாவிதன்வெளிப் பக்கம் போகிற பாதை, இரண்டு பக்கமும் தண்ணீர், மழை கூடினால் பாதைக்கு மேலாலேயே ஓடும். ஆற்றுவாழை (தண்ணீரில் மிதக்கிற களை) வந்து அடைத்துப் பாதைக்கும் சனத்துக்கும் பெரிய கரைச்சல். ஆனால் அதே ஆற்றுவாழைக்கு மேலே நீலத்தாழைக்கோழி நடப்பதையும், இலைக்கோழி தன் நீட்டு விரலை விரித்து இலைக்கு இலை கால் வைப்பதையும் பார்த்தால், கரைச்சல் கொஞ்சம் மறக்கும். நான் 600 மில்லிமீற்றரில் எடுத்தேன், எல்லாம் நெளிந்து நெளிந்து, கானலில் எடுத்த மாதிரி. லென்ஸ் பழுது என்று நினைத்துக் கொழும்பில் ஒரு கடையில் கொடுத்தேன். ஒரு மாதம் வைத்திருந்து, "ஒன்றும் இல்லை" என்று காசும் வாங்கி, ஓர் ஆணி குறையத் திருப்பித் தந்தார்கள். மறுகாதான் விளங்கியது, நான் போனது பத்தரை மணிக்கு. ஈரநிலத்துக்கு மேலே வெயில் ஏறினால் காற்றே ஆடும், எந்த லென்ஸாலும் தப்ப முடியாது. அடுத்த முறை ஆறரைக்குப் போனேன், இருபது மீற்றரில் தாழைக்கோழி, பழைய 300 லென்ஸ், கண்ணுக்குள் வானம் தெரிந்தது.

ஒரு எச்சரிக்கை: வெள்ளாப்பில் அந்தப் பக்கம் தனியே போகாதீர்கள், யானை வருகிற இடம். நான் வெளிச்சம் நன்றாக வந்த பிறகுதான், அதுவும் பாதையை விட்டு இறங்காமல்.

வட்டைவிதானை | பிற்பகல் 2.10

நான் கமெராக்காரன் இல்லை, வவுணதீவுப் பக்கம் விவசாயம். பெரும்போக விதைப்பு நடக்குது. உழவு மெசின் இறங்கினால் பின்னால் ஐம்பது அறுபது கொக்கு வரிசையில் நடந்து வரும், மண் புரள வருகிற தவளை பூச்சி எல்லாம் அதுகளுக்குத்தான். மகள் கேட்கிறாள் எல்லாம் ஒரே கொக்கா என்று. நான் கொக்கு என்றால் கொக்கு என்றேன். இல்லையாம், மூன்று சாதி இருக்குதாம்.

ஓய்வுரீச்சர் | பிற்பகல் 2.44

மகள் கெட்டிக்காரி. நாலு சாதி. மெசினுக்குப் பின்னால் கழுத்தைக் குறுக்கிக்கொண்டு நடக்கிற, மஞ்சள் சொண்டுக்காரர் உண்ணிக்கொக்கு. மாட்டுக்குப் பின்னால் போகிறவரும் அவர்தான். சொண்டும் காலும் கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள் சொக்ஸ் போட்ட மாதிரி என்றால் சின்னக்கொக்கு, அவர் தண்ணீருக்குள் காலை ஆட்டி மீனைக் கலைத்துப் பிடிப்பார். தனியே தள்ளி, கழுத்தை "எஸ்" போல வளைத்து அசையாமல் நிற்கிற உயரமானவர் பெருங்கொக்கு. அவரின் வாய்க்கோடு கண்ணையும் தாண்டிப் பின்னுக்குப் போகும், மகளிடம் அதைப் பார்க்கச் சொல்லுங்கள். நடுத்தரமானவருக்கு அந்தக் கோடு கண்ணோடு நின்றுவிடும். வரம்பில் மண் நிறத்தில் குந்தியிருந்துவிட்டுப் பறக்கும்போது மட்டும் வெள்ளையாகத் தெரிகிறவர் மடையான், அவரைக் கொக்குக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

லென்ஸ்ராசா | பிற்பகல் 3.20

ரீச்சர் என்னோடு கோபம் என்று தெரியும், ஆனாலும் கொக்கு என்றதும் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. புதிதாக எடுப்பவர்களின் கொக்குப் படம் பத்தில் ஒன்பது சுண்ணாம்புக்கட்டி மாதிரி இருக்கும், ஓர் இறகு தெரியாது. காரணம், சேற்று வயல் கறுப்பு, கொக்கு சின்ன வெள்ளைப் புள்ளி, கமெரா சேற்றைப் பார்த்து "இருட்டாக இருக்கே" என்று வெளிச்சத்தைக் கூட்டிவிடும். எக்ஸ்போஷரை முக்காலோ ஒன்றோ கீழே இறக்கு. படம் கொஞ்சம் இருண்டு தெரியும், பரவாயில்லை, இருட்டை வீட்டில் வந்து தூக்கலாம், வெளுத்துப்போன இறகை யாராலும் திருப்பி எடுக்க முடியாது. கரிக்குருவி வயர் மேலே வானத்துக்கு எதிராக நின்றால் இதற்கு நேர்மாறு, ஒன்று ஒன்றரை மேலே ஏற்று. ஷட்டர் வேகம், பறக்கிற ஆலாவுக்கு 1/2000. நிற்கிற கொக்குக்கு 1/500 தாராளம். எதுவானாலும் போகஸ் கண்ணில். வாவிக்கரையில் பாவிக்கிறவர்கள் உப்புக்காற்றுப் பட்ட லென்ஸை அப்படியே பையில் போட்டுப் பூட்டாதீர்கள், துடைத்து, சிலிக்கா ஜெல்லோடு இறுக்கமான பெட்டியில் வையுங்கள். என் முதல் லென்ஸுக்குள் பூஞ்சணம் சிலந்திவலை மாதிரிப் படர்ந்தது இந்த ஊர் ஈரத்தில்தான்.

ஓய்வுரீச்சர் | பிற்பகல் 3.31

கோபம் எல்லாம் இல்லை. இதை அச்செடுத்து வைத்திருக்கிறேன்.

சும்மாவந்தவர் | மாலை 4.02

மேர்லின் செயலியில் சத்தத்தைப் பதிந்தால் குருவிப்பெயர் சொல்லும் என்றார்களே?

மருதமுனைநானா | மாலை 4.15

சொல்லும், இலவசம்தான். கோர்னெல் பல்கலைக்கழகப் பறவையியல் கூடம் செய்தது. முதல் படியாக நல்லது, கடைசி வார்த்தையாக எடுக்காதீர்கள். எங்கள் கூரையில் அணில் கத்தினதற்கு ஒரு குருவிப்பெயர் சொல்லி என்னை அரைமணி நேரம் ஏணியில் நிற்க வைத்தது.

வாவிக்கரை | ஒக்டோபர் 18, காலை 6.50

பாலமீன்மடுவிலிருந்து. உள்ளான் சாதி பார்க்க விருப்பமானவர்கள் இன்னும் கொஞ்ச நாள் பொறுங்கள். மட்டக்களப்பு வாவி 56 கிலோமீற்றர் நீளம், எங்கே போவது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இடம் இல்லை, நாள். மாரி மழையில் வாவி முட்டி வட்டைக்குள் (வயல்வெளிக்குள்) தண்ணீர் ஏறும்போது முகத்துவாரத்தில் மணலை வெட்டிவிடுவார்கள் (எப்போது வெட்டுவது என்பதில் ஒவ்வொரு மாரியும் ஓர் இழுபறி, அதை விடுவோம்). வெட்டினால் தண்ணீர் கடலுக்கு இறங்கும், நேற்று வரை தோணி ஓடின இடம் சேறாகத் தெரியும். அந்தச் சேற்றில்தான் விருந்து. நெடுங்கால் உள்ளான் சிவப்புக் காலோடு, உப்புக்கொத்தி, பெயர் பிடிபடாத மண்ணிற உள்ளான்கள், மேலே மீசை ஆலா, கரையில் கூழைக்கடா. திரும்ப அடைத்துத் தண்ணீர் ஏறினால் எல்லாம் பறந்துவிடும். ஆகவே பேப்பரில் "முகத்துவாரம் வெட்டப்பட்டது" என்று வந்தால் கமெராவைச் சார்ஜில் போடுங்கள். நடக்காதீர்கள். தோணியை இழுத்துப் போட்டு அதன் நிழலில் குந்துங்கள், அரைமணி நேரத்தில் அதுகள் மேய்ந்து மேய்ந்து உங்கள் பக்கம் வரும். துரத்தினால் வாவி முழுக்கத் துரத்தலாம்.

அந்தச் சின்ன உப்புக்கொத்தி பற்றி ஒரு புதினம்: வருசம் முழுக்க இங்கேயே இருந்து மணலில் முட்டை போடுகிற நம்ம ஆளை இவ்வளவு காலமும் ஐரோப்பா வரை இருக்கிற இனத்தோடு ஒன்றாகத்தான் வைத்திருந்தார்கள். 2023இல் வெளிவந்த ஆய்வு, இல்லை, இது இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் குஞ்சு பொரிக்கிற தனி இனம் என்று பிரித்து, ஹனுமான் உப்புக்கொத்தி ஆக்கிவிட்டது. கூடு என்று ஒன்று இல்லை, மணலில் ஒரு குழி, முட்டையும் மணல் நிறம். வெயில்காலத்தில் மணல்மேட்டுக்கு மோட்டார் சைக்கிள் ஏற்றுகிற பொடியன்கள் இதை வாசித்தால் நல்லது.

சும்மாவந்தவர் | காலை 7.30

ஒக்டோபரில் குமண போகலாமா? பிள்ளைகளுக்கு லீவு வருகிறது.

மருதமுனைநானா | காலை 7.44

போகலாம், ஆனால் படத்தில் பார்த்த அந்தக் கூட்டுக்கூட்டமான நாரைகளை எதிர்பார்த்துப் போகாதீர்கள். குமண வில்லில் அதுகள் கூடு கட்டுவது ஏப்ரல் முதல் யூலை வரை. 1938இலேயே பறவைச் சரணாலயம் ஆக்கின இடம், சண்டைக் காலத்தில் மூடிக் கிடந்து 2003இல்தான் திறந்தார்கள். பொத்துவில், பாணமை, ஒக்கந்தை தாண்டிப் போக வேண்டும், மட்டக்களப்பிலிருந்து நூறு கிலோமீற்றருக்கு மேல். லீவுக்குப் பிள்ளைகளோடு மாவடிப்பள்ளிப் பாதையில் ஒரு காலை நின்று பாருங்கள், டீசல் மிச்சம்.

சும்மாவந்தவர் | காலை 7.51

சரி நானா. இன்னொன்று, போன மாசி மாதம் எங்கள் மாமரத்தில் முழு வெள்ளை, ரிபன் மாதிரி நீட்டு வால். மற்ற நாளில் இங்கே காண்பது செங்கல் நிறத்தில் இருக்கிறது. சோடியா?

ஓய்வுரீச்சர் | காலை 8.20

இரண்டும் அரசவால் ஈப்பிடிப்பான், சோடி இல்லை. இங்கேயே இருக்கிற நம் ஆண் வயது போனாலும் வெள்ளையாவதில்லை, கடைசி வரை செங்கல் நிறம்தான். வெள்ளை ஆண் இந்தியாவிலிருந்து மாரிக்கு வருகிறவர். சித்திரைக்குள் கிளம்பிவிடுவார்.

கல்லடிப்பொடியன் | ஒக்டோபர் 23, இரவு 8.15

ஐந்து நாள் ஆளைக் காணோம் என்று நினைத்திருப்பீர்கள். கதை இதுதான். முதலில் அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "சருகுக்குள்ள பாம்பு வந்தா ஆர் பொறுப்பு" என்றா. நியாயம்தான், பதில் இல்லை எனக்கு. கடைசியில் மதிலோரம் நாலு முழம், நடக்கிற இடத்தில் இல்லை, குசினிக்கதவிலிருந்து தெரிகிற தூரத்தில் என்று உடன்பாடு. ஒரு பெயின்ட் வாளியைக் கவிழ்த்துக் குசினிக்கதவுக்கு உள்ளே போட்டு, விடிய ஐந்தரைக்குக் குந்தினேன். முதல் நாள் கூவல் மட்டும், இரண்டு சுருதி, முதலாவது நீட்டு, அடுத்தது கீழே விழும். ரீச்சர் சொன்ன "என்ர வளவு". இரண்டாம் நாள் புலுனிக் கூட்டம் வந்து சருகை எல்லாம் கிளறி, பூனையைக் கண்டு ஊரையே எழுப்பிவிட்டுப் போனது. மூன்றாம் நாள் மழை. அன்றைக்குப் போனில் கூவலைப் போட்டால் என்ன என்று யோசித்தேன், உண்மையைச் சொல்கிறேன், இறக்கியும் விட்டேன். போடவில்லை.

இன்று ஆறு பத்துக்கு நான் கமெராவில் எதையோ திருகிக்கொண்டு இருக்க, பின்னுக்குத் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்ற அம்மா மெதுவாக, "அந்தா, வாழைக்குக் கிட்ட" என்றா. சருகு ஒன்று தானாகத் திரும்பியது. அதற்குக் கீழிருந்து ஆள். மண்புழுவை இழுக்கிறார், அது மண்ணுக்குள் பிடித்துக்கொண்டு வர மறுக்கிறது, இவர் பின்னுக்குச் சாய்ந்து காலை ஊன்றி இழுக்கிறார், கயிறு இழுக்கிற மாதிரி. 250 மில்லிமீற்றர், ஐஎஸ்ஓ 3200, 1/80. பதினேழு படம், பதினாறு கலங்கல். ஒன்றில் கண் தெளிவு, புழு அசைந்துவிட்டது.

லென்ஸ்ராசா | இரவு 8.22

1/80இல் கையில் பிடித்தா? முழங்காலில் ஊன்றினாயா?

கல்லடிப்பொடியன் | இரவு 8.24

கதவு நிலையில் சாய்த்துப் பிடித்தேன்.

லென்ஸ்ராசா | இரவு 8.31

சரி. 250 போதாது என்று நான் சொன்னதை அழித்துவிடுகிறேன். புழு அசைந்தது நல்லதுக்குத்தான், அதில்தான் இழுவை தெரிகிறது.

வட்டைவிதானை | இரவு 9.05

மகளுக்குக் காட்டினேன். நாளைக்கு எங்கட பின்வளவையும் கூட்ட வேண்டாமாம்.

ஓய்வுரீச்சர் | இரவு 9.12

தம்பி, அம்மாவுக்கு என் வணக்கம். கூவும்போது கவனியுங்கள், மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து பதில் வருகிறதா?

கல்லடிப்பொடியன் | ஒக்டோபர் 24, காலை 6.04

வருகிறது ரீச்சர். பக்கத்து வீட்டுப் பலாவடியில் இன்னொருவர். இப்போது இரண்டு பேரும் மாறி மாறிக் கத்துகிறார்கள், அம்மா கூட்டுமாற்றைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டு நிற்கிறா.